மாற்றுத்திறனாளி இருக்கும் வீட்டிற்குத் தேவை நிலையான வருமானம்

மாற்றுத்திறனாளி ஒருவர் இருக்கும் ஏழை வீட்டில் வருமான இழப்பு இரு மடங்காகிறது. அவரால் வழக்கமான வேலைக்குச் செல்ல முடிவதில்லை. அவரைக் கவனிக்கும் தாயோ மனைவியோ வீட்டை விட்டு நகர முடிவதில்லை. ரமலானில் நாம் கொடுக்கும் அரிசியும் பணமும் சில வாரங்களில் தீர்ந்துவிடும். மீதி மாதங்களுக்கு என்ன வழி?

கண்பார்வையற்ற நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் பாங்கு சொல்பவராக நியமித்தார்கள். தாம் வெளியூர் சென்றபோது மதீனாவின் பொறுப்பையும் அவரிடம் ஒப்படைத்தார்கள். இரக்கத்தோடு பொறுப்பையும் கொடுப்பதே நமக்குக் காட்டப்பட்ட வழி.

நம் மாவட்டத்திலேயே ஒரு முன்மாதிரி

சங்கரன்கோவில் இடம்பெற்றுள்ள தென்காசி மாவட்டத்தின் ஆய்க்குடியில் இயங்குகிறது அமர் சேவா சங்கம். 1975இல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ்.ராமகிருஷ்ணன், 1981இல் ஒரு சில குழந்தைகளோடு இதைத் தொடங்கினார். சக்கர நாற்காலியில் இயங்கும் பட்டயக் கணக்காளர் எஸ்.சங்கரராமன் பின்னர் அவருடன் இணைந்தார். சிகிச்சை, கல்வி ஆகியவற்றுடன் தொழிற்பயிற்சியும் அங்கு தரப்படுகிறது. கிராமங்களில் சுயஉதவிக் குழுக்களும் அமைக்கப்பட்டுள்ளன. ராமகிருஷ்ணனுக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

அரசிடம் கேட்டுப் பெற வேண்டியவை

எல்லாவற்றுக்கும் அடிப்படை, மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் யுடிஐடி அட்டையும். 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. எனவே கை, கால் பாதிப்பு மட்டும்தான் கணக்கில் வரும் என்று எண்ணி யாரும் ஒதுங்க வேண்டாம்.

கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கும் அறிவுசார் குறைபாடு உள்ளோருக்கும் தமிழக அரசு 2023 முதல் மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வழங்குகிறது. நாளொன்றுக்கு 70 ரூபாய்கூட வராத இத்தொகையில் ஒரு குடும்பம் வாழ முடியாது. அதனால் தொழிலுக்கான உதவிகளையும் சேர்த்துக் கேட்க வேண்டும். மோட்டார் பொருத்திய தையல் இயந்திரம் இலவசமாகக் கிடைக்கிறது; அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளின் தாய்மார்களும் இதற்கு விண்ணப்பிக்கலாம். கால்கள் பாதிக்கப்பட்டு வேலையோ சுயதொழிலோ செய்பவர்களுக்கு இணைப்புச் சக்கர ஸ்கூட்டர் உண்டு. இவற்றுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுக வேண்டும்.

நம் ஊரிலேயே உள்ள வேலைகள்

சங்கரன்கோவில் விசைத்தறிக்கும் பூச்சந்தைக்கும் பெயர்பெற்றது. தார் சுற்றுவது, பூக்கட்டுவது, தைப்பது ஆகியவை உட்கார்ந்தே செய்யக்கூடியவை. அவற்றில் பலவற்றைப் பராமரிக்கும் தாயும் வீட்டிலிருந்தே செய்யலாம். ஆனால் நூலையும் பூவையும் வீட்டிற்குக் கொண்டுவந்து கொடுத்து, முடித்ததைத் திரும்ப எடுத்துச் செல்ல ஓர் ஆள் வேண்டும். பல வீடுகளில் அந்த ஓர் ஆள் இல்லாததால்தான் தொழில் தொடங்காமலே நின்றுவிடுகிறது.

ஜமாஅத் என்ன செய்யலாம்?

முதலில், மஹல்லாவில் உள்ள இத்தகைய வீடுகளைக் கணக்கெடுப்போம். அட்டை இல்லாதவர்களுக்கு மருத்துவச் சான்று முதல் விண்ணப்பம் வரை உடன் சென்று முடித்துத்தர இளைஞர்களை நியமிப்போம்.

அடுத்தது முதலீடு. வட்டிக்கு அஞ்சி வங்கிக் கடனைத் தவிர்க்கும் குடும்பங்கள் நம்மிடையே பல. அவர்களுக்கு பைத்துல்மாலிலிருந்து வட்டியில்லாக் கடன் கொடுக்கலாம். ஜகாத் பெறத் தகுதியுள்ள குடும்பமாக இருந்தால், தொழிற்கருவி வாங்கும் அளவுக்கு ஒரே தவணையில் ஜகாத்தைக் கொடுக்கலாம். பத்துப் பேருக்கு ஆயிரம் ஆயிரமாகப் பிரித்தால் அது ஒரு மாதச் செலவோடு போய்விடும்.

மூன்றாவதாக, வேலையை நாமே கொடுப்போம். மதரஸா சீருடை, திருமண வீட்டுப் பூ, பெருநாள் துணி ஆகியவற்றின் ஆர்டர்களில் ஒரு பகுதியை இந்த வீடுகளுக்கு ஒதுக்கினாலே ஆண்டு முழுவதும் அவர்கள் கைக்கு வேலை இருக்கும். கூலியை மட்டும் குறைத்துப் பேசாமல், மற்றவர்களுக்குக் கொடுப்பதையே கொடுப்போம்.

இன்று ஜகாத் வாங்கும் ஒரு வீடு, சில ஆண்டுகளில் ஜகாத் கொடுக்கும் வீடாக மாறினால் அதைவிட மகிழ்ச்சி வேறில்லை. இன்ஷா அல்லாஹ், இந்த ஆண்டு ஒவ்வொரு மஹல்லாவிலும் ஒரு வீட்டிலிருந்தாவது தொடங்குவோம்.