குரோனோகிராஃப் கைக்கடிகாரம்

நேரத்தைக் காட்டுவதோடு, ஒரு செயலுக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்பதையும் தனி முள்ளால் அளந்து சொல்லும் கடிகாரம் குரோனோகிராஃப். ஒரு பொத்தானை அமுக்கினால் நடுவிலுள்ள நீண்ட செக்கன் முள் ஓடும். மீண்டும் அமுக்கினால் நிற்கும். மற்றப் பொத்தான் அதைத் தொடக்கத்துக்குத் திருப்பும். முகப்பிலுள்ள சிறு வட்டங்கள் கழிந்த நிமிடங்களை எண்ணும்.

பெயரின் பொருள் ‘நேரத்தை எழுதுவது’. 1821இல் பாரிசில் குதிரைப் பந்தயத்துக்காக நிக்கோலா ரியுசெக் செய்த கருவி, முகப்பில் மைப்புள்ளி இட்டு உண்மையாகவே எழுதியது. முதல் குரோனோகிராஃப் அதுவே என்று ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் நம்பப்பட்டது. பின்பு லூயி முவானே வானியல் ஆய்வுக்காக 1816இல் செய்து முடித்த கருவி ஏலத்துக்கு வர, 2013இல் அந்த வரலாறு திருத்தப்பட்டது. பழைய பொருளே சாட்சி என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

லொஞ்சின் நிறுவனம் 1913இல் கைக்கடிகாரத்துக்கு ஏற்ற குரோனோகிராஃப் இயந்திரத்தை உருவாக்கியது. பிரைட்லிங் 1915இல் தனிப் பொத்தானையும், 1934இல் இரண்டாம் பொத்தானையும் சேர்த்தது.

தானாகவே சாவி ஏறும் தானியங்கி குரோனோகிராஃப்பை முதலில் கொடுத்தவர் யார் என்பது இன்றும் தீராத வழக்கு. செனித் 1969 ஜனவரியில் அறிவித்தது. ஹொயர், பிரைட்லிங் முதலிய நிறுவனங்களின் கூட்டணி மார்ச்சில் அறிவித்தது. சீகோ மே மாதம் ஜப்பானில் விற்பனைக்கே விட்டது. அந்தச் சீகோ 6139இன் பின்மூடித் தொடரெண்ணில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்தது மாதம். 9 என்றால் 1969ஆகவும் இருக்கலாம், 1979ஆகவும் இருக்கலாம். தொடக்ககாலக் கடிகாரங்களில் ‘வாட்டர் புரூஃப்’ என்றும் பிந்தியவற்றில் ‘வாட்டர் ரெசிஸ்ட்’ என்றும் பொறித்திருப்பதால் ஐயம் தீரும். விண்வெளி வீரர் வில்லியம் போக் 1973–74இல் ஸ்கைலாப் நிலையத்தில் 6139 கட்டியிருந்ததும் ஒரு சேகரிப்பாளர் புகைப்படத்தைக் கூர்ந்து பார்த்து அவரிடமே கேட்டதால்தான் உலகுக்குத் தெரிந்தது.

பழைய பொருளே சாட்சி என்பது யாழ்ப்பாணத்துக்கு இன்னும் பொருந்தும். அங்கே கடிகாரத்துக்கு மணிக்கூடு என்று பெயர். 1875இல் வேல்ஸ் இளவரசர் இலங்கை வந்ததன் நினைவாக எழுந்த மணிக்கூட்டுக் கோபுரம் உள்நாட்டுப் போரில் சேதமடைந்து, பின் புதுக்கப்பட்டது. அதன் கதை ஏட்டில் உண்டு. வீட்டு மணிக்கூடுகளின் கதை அப்படியல்ல. அந்தப் போரால் நேர்ந்த 1995 இடப்பெயர்வில் வீட்டை விட்டுப் போனவர்கள் கையில் எடுத்தது கொஞ்சம்; பற்றுச்சீட்டும் படங்களும் பெரும்பாலும் அழிந்தன. ஆகவே குடாநாட்டில் எஞ்சிய பழைய கடிகாரத்தின் ஆவணம் அதன் உடல்தான்: மங்கிய முகப்பு, தேய்ந்த விளிம்பு, பின்மூடி எண்.

துணைக்கண்டச் சந்தையில் முகப்புக்கு மறுவண்ணம் பூசி, பல கடிகாரங்களின் பாகங்களைக் கோத்து விற்கும் பழக்கம் பரவலாக உண்டு. அத்தகைய கடிகாரம் ஓடும்; ஆனால் அதற்கு வரலாறு இல்லை. அதைப் பழையதென்று விற்பது வாங்குபவரை ஏமாற்றுவதே.

உங்கள் அப்புவின் மணிக்கூடு அலுமாரியில் கிடந்தால் மெருகிடக் கொடுக்காதீர்கள். பின்மூடி எண்ணையும், யார் எங்கே எப்போது வாங்கினார் என்பதையும் இன்றே ஒரு தாளில் எழுதி அதனுடன் வையுங்கள்.