வாளியில் அள்ளிய எண்ணெய் எங்கே போனது?

2017 ஜனவரி 28, அதிகாலை. எண்ணூர் காமராஜர் துறைமுகம் அருகே 'பி.டபிள்யூ. மேப்பிள்' என்ற எரிவாயுக் கப்பலும் 'டான் காஞ்சிபுரம்' என்ற எண்ணெய்க் கப்பலும் மோதிக்கொண்டன. கசிந்த எண்ணெய் கெட்டியான கறுப்புக் குழம்பாகக் கரையில் ஒதுங்கியது. மீனவர்களும் கல்லூரி மாணவர்களும் அதை வாளியில் அள்ளிக் கைமாற்றிய படங்கள் நாடு முழுக்கப் பரவின.

சரி, அள்ளியதை எங்கே கொண்டுபோய்க் கொட்டினார்கள்? இதை யோசித்தவர்கள் குறைவு. துறைமுக வளாகத்திலேயே சுமார் 2000 சதுர மீட்டர் இடம் ஒதுக்கி, மண்ணும் எண்ணெயும் கலந்த அந்தக் கழிவைப் பாக்டீரியாவிடம் ஒப்படைத்தார்கள்! இந்தியன் ஆயில் நிறுவனத்தின் ஆராய்ச்சி மையம் உருவாக்கிய நுண்ணுயிர்க் கலவை அது.

இது ஏதோ மந்திரம் இல்லை. செஞ்சிப் பக்கத்துக் கிராமங்களில் எருக்குழியைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். சாணமும் சருகும் தானாக மக்குவதில்லை, கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அதைத் தின்கின்றன. கச்சா எண்ணெயும் ஒரு காலத்தில் உயிராக இருந்ததுதான். அதைத் தின்று கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் மண்ணிலும் கடலிலும் ஏற்கெனவே இருக்கின்றன.

அப்படியானால் சிக்கல் எங்கே? எண்ணெயில் கார்பன் மட்டும்தான் ஏராளம். நைட்ரஜனும் பாஸ்பரஸும் கிட்டத்தட்ட இல்லை. குழம்பு இல்லாமல் வெறும் சோற்றை மலையாகக் குவித்து வைத்தால் எவ்வளவு சாப்பிட முடியும்? அந்தக் குறையைத் தீர்க்கத்தான் உரம். 100 பங்கு கார்பனுக்கு 10 பங்கு நைட்ரஜன், 1 பங்கு பாஸ்பரஸ் என்பது பொதுவான கணக்கு. கூடவே ஈரம் வேண்டும், காற்றுப் புக மண்ணைக் கிளறிவிட வேண்டும்.

1972-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஆம்ப்ளர் என்ற ஊரில் குழாய் உடைந்து பெட்ரோல் நிலத்தடி நீரில் கலந்தது. ரிச்சர்ட் ரேமண்ட் என்பவர் பூமிக்குள் சத்துகளையும் காற்றையும் செலுத்தி, அங்கே இருந்த பாக்டீரியாக்களையே பெருக்கினார்.

அதே ஆண்டு இன்னொரு கதையும் தொடங்கியது. வங்காளத்தில் பிறந்த ஆனந்த மோகன் சக்ரவர்த்தி, எண்ணெயின் பல பகுதிகளைத் தின்னும் ஒரு பாக்டீரியாவை ஆய்வகத்தில் உருவாக்கிக் காப்புரிமை கேட்டார். உயிருக்குக் காப்புரிமையா என்று வழக்கு நடந்தது. 1980-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. உலகமே பேசியது. ஆனால் அந்த பாக்டீரியா எந்தக் கடற்கரையையும் சுத்தம் செய்யவில்லை!

1989-ல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் சுமார் 4 கோடி லிட்டர் எண்ணெயைக் கொட்டியபோது, கரைப் பாறைகளில் தெளித்தது புது உயிரை அல்ல, உரத்தை. சில வாரங்களில் வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது.

இந்தியாவில் டெரி நிறுவனம், எண்ணெய் படிந்த மண்ணிலிருந்தே தேர்ந்தெடுத்த பாக்டீரியாக்களை மக்காச்சோளச் சக்கைத் தூளில் கலந்து 'ஆயில்ஜாப்பர்' ஆக்கியது. ஓ.என்.ஜி.சி.யுடன் சேர்ந்து 2007-ல் இதற்கென ஒரு கம்பெனியே தொடங்கியது.

இதற்கும் எல்லை உண்டு. தாரைப் போன்ற கனமான பகுதியை நுண்ணுயிர்கள் மிக மெதுவாகத்தான் தின்னும். ஈயம் போன்ற உலோகங்களைத் தின்னவே தின்னாது. மாதக்கணக்கில் பொறுமையும் வேண்டும்.

எண்ணூருக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி தொழிற்பேட்டைப் பக்கமிருந்து எண்ணெய் வந்து கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் படிந்தது. மீனவர்களின் படகும் வலையும் மறுபடி கறுத்தன.

பாக்டீரியா கூலி கேட்காமல் வேலை செய்யும். ஆனால் அது வேலையை முடிக்கும்வரை மீனவர் வீட்டு அடுப்பு காத்திருக்காது. கொட்டியதைத் தின்ன உயிர்கள் இருக்கின்றன என்பது, கொட்டுவதற்கான அனுமதி அல்ல.