மரபு விதைநெல் காப்பு

மரபு விதைநெல் காப்பு என்பது, ஒரு வட்டாரத்து உழவர்கள் விதைநெல்லைத் தங்களுக்குள் கைமாற்றி, ஆண்டுதோறும் விதைத்து, கலப்பு நீக்கி, ரகங்கள் அழியாமல் வைத்திருக்கும் கூட்டு முயற்சி. தமிழகத்தில் இதற்குப் பெயர்பெற்ற ஊர், திருவாரூர் மாவட்டம் திருத்துறைப்பூண்டி அருகிலுள்ள ஆதிரெங்கம்.

2004இல் கேரளத்தின் கும்பளங்கியில் தொடங்கிய ‘நமது நெல்லைக் காப்போம்’ இயக்கத்தைத் தமிழகத்தில் வேரூன்ற வைத்தவர் ஜெயராமன். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரின் வழியில் வந்தவர். ஊர் ஊராகப் போய் மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், பூங்கார், கருப்புக்கவுனி என ஏறத்தாழ 170 ரகங்களைத் திரட்டினார். ‘நெல்’ என்பதே இவர் பெயருக்கு அடையாயிற்று. கோடை முடிவில் கூடும் நெல் திருவிழாவில் உழவருக்கு 2 கிலோ விதை தருவார்கள். காசு வேண்டாம், மறுஆண்டு 4 கிலோவாகத் திருப்ப வேண்டும். அது இன்னும் இருவருக்குப் போகும். ஒற்றை நாற்றாக நட்டால் 2 கிலோ விதை அரை ஏக்கரையும் தாண்டும் என்பதால், வாங்கியவர் வீட்டிலும் விதை தங்கும். திருவிழாவின் கூட்டத்தைவிட இந்தக் கடன் கணக்குதான் ரகங்களைக் காத்தது எனலாம்.

விதை வாங்குவது எளிது, தூய்மையாக வைத்திருப்பதுதான் பாடு. நெல் தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்ளும் பயிர். அடுத்த வயலின் மகரந்தம் கலப்பது பொதுவாக நூற்றுக்கு ஒன்றுகூட இராது. ரகம் கெடுவது பெரும்பாலும் களத்திலும் சாக்கிலும், போன போகத்தில் உதிர்ந்து முளைத்த நெல்லாலும்தான். ஆகவே பூக்கும்போதும் கதிர் முற்றும்போதும் உயரம், தாளின் நிறம், மணியின் நிறம் பார்த்துக் கலவனை, அதாவது வேறு ரகச் செடியை, பிடுங்குவார்கள். கொத்தாக நட்ட வயலில் கலவன் ஒளிந்துகொள்ளும். ஒற்றை நாற்று நடவு காட்டிக்கொடுத்துவிடும். விதைக்கென்று விட்ட கதிரைத் தனியே அடித்துக் காயவைப்பார்கள். வீட்டில் வைத்த விதைநெல்லின் முளைப்பு ஓரிரு ஆண்டில் குறைந்துபோகும். எனவே குளிர்க்கிடங்கு இல்லாதவருக்கு வயல்தான் குதிர்.

இப்படி விதை காப்பது தெரிவு மட்டுமே, ஒட்டுச்சேர்க்கை அன்று. பிலிப்பைன்ஸில் 1980களில் உருவான மாசிபாக் அமைப்பில் உழவர்களே இரு ரகங்களைச் சேர்த்துப் புது நெல்லும் உருவாக்குகிறார்கள். நம் பக்க இயக்கம் அதுவரை போகாதது ஒரு குறையே. சட்டம் தடையாக இல்லை: 2001ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி உழவர் விதையைச் சேமிக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம், காப்புப் பெற்ற ரகத்தை வணிகப் பெயரிட்டு விற்க மட்டும் கூடாது.

ஜெயராமன் 2018 டிசம்பர் 6இல் காலமானார். 2021இல் தமிழக அரசு அவர் பெயரில் மரபுநெல் பாதுகாப்பு இயக்கத்தை அறிவித்தது.

மரபு விதை காப்பதில் புதுச்சேரிக்கும் வேலை உண்டு; ரகத்தை மட்டும் இடம் பார்த்துத் தேர வேண்டும். 180 நாள் நிற்கும் காட்டுயானத்தை ஏரித் தண்ணீரை நம்பிய எல்லா வயலிலும் வைக்க முடியாது. கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறிவரும் பாகூர்க் கொம்யூனுக்கு, நாகைக் கடலோரத்தில் உவர் தாங்கி விளையும் குழியடிச்சானே முதலில் வரவேண்டிய விதை. தொடங்க 2 கிலோ போதும்.