சிறுகோடும் நெடுங்கோடும்

யாழ்ப்பாணத்துப் புத்தூருக்கு அயலிலுள்ள சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்தவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடு 1885இலும், கலித்தொகையை 1887இலும் அவர் அச்சேற்றியபோது கையில் இருந்தவை செல்லரித்த ஏடுகள். ஏட்டில் மெய்க்குப் புள்ளி இராது. சொற்களுக்கிடையே இடைவெளி இராது. கோடு என்ற பேச்சே இல்லை. எங்கே நிறுத்துவது என்பதைப் பதிப்பாசிரியரே தீர்மானிக்க வேண்டியிருந்தது. நிறுத்தம் மாறினால் பொருள் மாறும் என்பது நமக்குப் புதிதல்ல. ஆலு இம்ரான் அத்தியாயத்தின் ஏழாம் வசனத்தில் எவ்விடத்தில் நிறுத்தி ஓதுவது என்பதையிட்டு உலமாக்கள் எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள்.

அச்சுக்கூடத்தில் சொற்களை இணைக்கும் சிறுகோடும், வாக்கியத்தைப் பிரித்துக்காட்டும் நெடுங்கோடும் வெவ்வேறு ஈய அச்சுகளாக இருந்தன. இரண்டையும் ஒன்றாக்கியது தட்டச்சு இயந்திரம். சுண்டிக்குளியில் பிறந்து சிங்கப்பூர் சென்ற ஆர். முத்தையா தமிழுக்கு விசைப்பலகை அமைத்தபோது, 247 எழுத்துகளை ஐம்பதுக்கும் குறைவான விசைகளுக்குள் அடக்க வேண்டியிருந்தது. அந்த நெருக்கடியில் கோட்டுக்கு இரண்டு விசை ஒதுக்க யாருக்கு மனம் வரும்?

கணினியும் அந்தச் சிக்கனத்தையே சுவீகரித்தது. 1963இல் வந்த ஆஸ்கி குறிமுறையில் இணைப்புக்கோட்டுக்கும் கழித்தல் குறிக்கும் ஒரே இடம். நம்மவர் பெரிதும் பயன்படுத்திய பாமினி எழுத்துருவில் நிலைமை இன்னும் வேடிக்கையானது: அரைப்புள்ளி விசையைத் தட்டினால் மெய்யின் புள்ளி விழும்; கமா விசையைத் தட்டினால் 'இ' விழும். குறியீடுகளின் வீட்டில் எழுத்துகள் குடியேறிவிட்டன. 1991இல் வெளியான யூனிகோட்டில் கோடுகளுக்குத் தனித்தனி எண்கள் உண்டு.

ஆனாலும் விரல் பழைய விசைக்கே போகிறது. வாசகர் படும் பாட்டை நமது பக்கங்களிலேயே பார்க்கலாம். 'அல்-குர்ஆன்' என்பதில் சிறுகோடு சொல்லைச் சேர்த்துப் பிடிக்கிறது. அங்கே நெடுங்கோடு விழுந்தால் 'அல்' தனியே நின்று தடுமாறும். 'அவர் வந்தார்-பேசவில்லை' என்று இடைவெளியின்றி அடித்தால், இரு செயல்களும் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்போல் கண்ணில் படும். இவை கண்ணுக்கு உறுத்தல் மட்டுமே. 'அல்-குர்ஆன் 2-5' என்று அச்சிடும்போதுதான் விபரீதம். இரண்டாம் அத்தியாயத்தின் ஐந்தாம் வசனமா, இரண்டு முதல் ஐந்து வரையான அத்தியாயங்களா? மேற்கோளைச் சரிபார்க்க விரும்பும் வாசகர் எதைப் புரட்டுவார்? வசனத்தைச் சுட்ட 2:5 என்றும், தொடரைச் சுட்ட 2:5–7 என்றும் எழுதினால் ஐயம் இல்லை. விண்டோஸ் கணினியில் ஆல்ட் விசையை அழுத்தியபடி வலப்புற எண்பலகையில் 0150 தட்டினால் இந்த இடைக்கோடு வரும்; 0151 நெடுங்கோடு. யூனிகோட் எழுத்துருவில் மட்டும் இதைச் செய்யுங்கள். பாமினியில் தட்டிவிட்டு, அங்கே வேறேதோ முளைத்ததென்று அச்சகத்தாரைக் கோபிக்க வேண்டாம்.