பின்னி: ஒரு குடிப்பெயர் வந்த வழி

‘பின்னி’ என்றதும் பல்லடம், திருப்பூர்ப் பகுதியினராகிய நமக்குப் பின்னலாடையே நினைவுக்கு வரும். சென்னையில் பின்னி ஆலை துணி ஆலையாகவே இருந்தமையால், ‘பின்னு’ என்னும் வினையடியாகப் பிறந்த தமிழ்ப்பெயர் இது என்று கொள்ளவும் தோன்றும். ஆயின் ஒலியொப்புமை மட்டுமே சொற்பிறப்புக்குச் சான்றாகாது. அவ்வாலையில் நடந்தது நெசவு, பின்னலன்று. திருப்பூர்ப் பின்னலுக்கும் பல்லடத்து விசைத்தறிக்கும் உள்ள வேறுபாட்டை நம் ஊர்ச் சிறுவரும் அறிவர்.

பின்னி என்பது ஸ்காட்லாந்துக் குடிப்பெயர். எடின்பரோவுக்கு மேற்கே, லின்லித்கோ நகரை அடுத்த பின்னி என்னும் நிலப்பகுதியிலிருந்து அது பிறந்தது. கேலிக் மொழியில் மலையைக் குறிக்கும் ‘பென்’ என்னும் சொல்லை அதன் வேராகக் காட்டுவர். நிலத்தை உடையோர் நிலத்தின் பெயரையே தமக்கும் சூட்டிக்கொண்டனர். பின்னிங் எனவும் அப்பெயர் வழங்கியது. 1313ஆம் ஆண்டளவில் ஆங்கிலேயர் வசமிருந்த லின்லித்கோ கோட்டையின் வாயிலில் வைக்கோல் வண்டியை நிறுத்தி, கதவை அடைக்கவொட்டாமல் செய்து, வைக்கோலுக்குள் மறைந்திருந்த வீரரைக்கொண்டு கோட்டையைக் கைப்பற்றிய பின்னக் என்னும் உழவனைப் பின்னிங் குடியினர் தம் முன்னோனாகக் கொண்டாடினர்.

அப்பெயர் தாங்கிய ஜான் பின்னி 1797இல் சென்னைக்கு வந்தார். அவருடைய வணிகம் பின்னி கம்பெனியாக வளர்ந்தது. பெரம்பூரில் 1876இல் பக்கிங்காம் ஆலையும், 1881இல் கர்நாடிக் ஆலையும் அதன் நிர்வாகத்தில் எழுந்தன. 1920இல் இரண்டும் ஒன்றாயின. அவை நெய்த காக்கித்துணி படைவீரரின் சீருடையாயிற்று. அவ்வாலைத் தொழிலாளரை மையமாகக் கொண்டே 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. திரு.வி.க. துணைநின்ற 1921ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் தமிழகத் தொழிலாளர் வரலாற்றில் மறக்கவொண்ணாதது. 1996இல் ஆலை மூடப்பட்டது.

ஊரைப் பெயரோடு சேர்த்து வழங்குவது நமக்கும் புதிதன்று. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்னும் பெயரில் ஊரும் தந்தையும் ஒருங்கே நிற்கின்றனர். நம் தலைப்பெழுத்துகளிலும் அம்மரபு எஞ்சியுள்ளது. பின்னியோ ஊர்ப்பெயராய்ப் பிறந்து, குடிப்பெயராகி, கம்பெனிப் பெயராகிக் கடைசியில் சென்னையின் பின்னி சாலையில் மீண்டும் இடப்பெயராயிற்று.

இப்பெயரைச் சென்னையில் மிகுதியாகச் சுமந்தவர்கள் பின்னி குடியில் பிறந்தோர் அல்லர். அந்த ஆலைகளின் தறிகளில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களே. ‘பின்னு’ என்று பகுதி பிரித்து அமைந்துவிட்டால் ஸ்காட்லாந்து மலையும் மறையும். பெரம்பூர்த் தொழிலாளியும் மறைவான். சொல்லாராய்ச்சி அகராதியோடு நின்றுவிடலாகாது என்று நாம் கூறுவது இதனாலேயே.