துறைமுகத்தில் மறைந்த தடம்

திருகோணமலை நகருக்கு வடக்கேயுள்ள கடலோரச் சிற்றூர் சல்லி. அதற்குத் தெற்கே விரிந்து கிடக்கும் துறைமுகத்தின் வரலாற்றைக் கூறுவோர், ஆங்கிலேயர் 1795இல் அதனைக் கைப்பற்றியதையும் 1957இல் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்ததையும் விரித்துரைப்பர். அத் தளத்தின் பிற்காலச் செய்தியொன்றும் வரலாற்றுக்குரியதே.

2008 செப்டெம்பர் 17ஆந் திகதி தெகிவளையில் இளைஞர் ஐவர் கடத்தப்பட்டனர். 2008, 2009ஆம் ஆண்டுகளில் கொழும்பிலும் அதன் அயலிலும் இவ்வாறு காணாமற்போனோர் 11 பேர். இவர்களைப் போர்முனையில் மறைந்தோருடன் சேர்த்தெண்ணுவது பிழை. பெற்றோரிடம் கப்பம் கோரப்பட்டது. பணமே நோக்கமெனக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றுக்கு அறிவித்தது. கொழும்பிலிருந்து திருகோணமலைத் தளத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கே 'கன்சைட்' எனப்பட்ட இடத்தில் அவர்கள் அடைக்கப்பட்டனரென்றும் அது கூறிற்று. தடுப்பிலிருந்தபடியே சிலர் தொலைபேசியில் வீட்டாருடன் பேசினர். மகனின் குரல் தாயின் செவிக்கு எட்டியது, மகன் எட்டவில்லை. பின்னர் அக் குரலும் நின்றது.

2015 நவம்பரில் ஐக்கிய நாடுகள் செயற்குழு, தளத்தினுள் முன்னர் இயங்கிய இரகசியத் தடுப்பிடத்தை நேரிற் பார்வையிட்டது. வலிந்து காணாமலாக்குதலைக் குற்றமாக்கும் சட்டம் 2018இல் நிறைவேறியது. அடுத்த ஆண்டு, முன்னாள் கடற்படைத் தளபதி உட்பட 14 பேர் மீது 667 குற்றச்சாட்டுக்கள் சுமத்தப்பட்டன. தளபதி மீதானவற்றை முன்னெடுப்பதில்லையெனச் சட்டமா அதிபர் 2021இல் அறிவித்தார். பதினொருவருள் ஒருவரேனும் வீடு திரும்பவில்லை.