அளவையில் அமானிதம்: இமேஜ்ஜே மென்பொருளும் நம் மாணவர்களும்



நுண்ணுயிரியல், விலங்கியல், பயோடெக்னாலஜி படிக்கும் நம் பிள்ளைகளிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது: "ஹஜ்ரத், புராஜெக்டுக்காக மைக்ரோஸ்கோப் படங்களை அளக்க வேண்டும். அதற்கான மென்பொருளை விலை கொடுத்து வாங்க வசதியில்லை. கிராக் செய்த பிரதியைப் பயன்படுத்தலாமா?"

நூல் உரிமை, கண்டுபிடிப்பு உரிமை போன்றவை ஷரீஅத்தில் பாதுகாக்கப்பட்ட உரிமைகள், அவற்றில் அத்துமீறக் கூடாது என்று 1988ல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி தீர்மானித்திருக்கிறது. எனவே அந்த வழி வேண்டாம் என்பதே நம் பதில். ஆனால் 'கூடாது' என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அது பாதி பதில்தான். ஹலாலான வழியையும் காட்ட வேண்டும். அல்ஹம்துலில்லாஹ், அப்படியொரு வழி இருக்கிறது. அதன் பெயர் இமேஜ்ஜே.

நாம் மதரஸாவில் ஓதியவர்கள். பெற்ற பட்டமும் கலைப் பிரிவில்தான். ஆகவே இத்துறை மாணவர்களுடன் அமர்ந்து, ஒவ்வொரு படியாகச் செய்யச் சொல்லிப் பார்த்த பிறகே இதை எழுதுகிறோம்.

யார் கொடுத்தது?

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் பெத்தெஸ்டாவில் உள்ளது தேசிய சுகாதாரக் கழகம். அங்கே பணியாற்றிய வேன் ராஸ்பேண்ட் என்பவர் 1987ல் 'என்.ஐ.எச். இமேஜ்' என்ற மென்பொருளை உருவாக்கினார். அது மெக்கின்டாஷ் கணினியில் மட்டுமே இயங்கியது. பிறகு 1997ல் ஜாவா மொழியில் புதிதாக எழுதி, விண்டோஸ், லினக்ஸ், மேக் எல்லாவற்றிலும் இயங்கும் இமேஜ்ஜேயைத் தந்தார். பெயரின் இறுதியிலுள்ள 'ஜே' ஜாவாவைக் குறிக்கிறது. இது எவருக்கும் தனியுரிமை இல்லாத பொதுச்சொத்து. உள்ளே எழுதப்பட்டுள்ள நிரலையும் யாரும் திறந்து படிக்கலாம், மாற்றலாம்.

ஜெர்மனியின் டிரெஸ்டனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் தொடங்கிய முயற்சி 'ஃபிஜி'. உயிரியலுக்குத் தேவையான பிளக்இன்களை இமேஜ்ஜேயுடன் சேர்த்துக் கட்டித் தரும் தொகுப்பு இது. புதிதாகத் தொடங்கும் மாணவர்களுக்கு ஃபிஜியே எளிது. இறக்கிய கோப்பை விரித்து அப்படியே இயக்கலாம்.

எப்படி அளக்கிறது?

கணினிக்குப் படம் என்பது பிக்ஸல் எனும் புள்ளிகளின் கூட்டம். ஒரு செல் எத்தனை மைக்ரோமீட்டர் என்று அதற்குத் தானாகத் தெரியாது. நாம்தான் சொல்லித்தர வேண்டும். லேபில் ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் என்ற கண்ணாடித் துண்டு இருக்கும். அதில் நுண்ணிய அளவுகோல் பொறிக்கப்பட்டிருக்கும். அதைப் படமெடுத்து, தெரிந்த தூரத்தின் மேல் கோடு வரைந்து, 'அனலைஸ்' பட்டியிலுள்ள 'செட் ஸ்கேல்' பகுதியில் அந்தத் தூரத்தை எழுத வேண்டும். 100 மைக்ரோமீட்டர் 400 பிக்ஸலாகத் தெரிந்தால் ஒரு பிக்ஸல் 0.25 மைக்ரோமீட்டர்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். 10 மடங்கு லென்ஸுக்கான அளவுகோலை 40 மடங்கு லென்ஸில் எடுத்த படத்துக்கும் வைத்துவிட்டால், நீளம் உண்மையைவிட 4 மடங்காகவும் பரப்பு 16 மடங்காகவும் வரும். லென்ஸ் மாறும்போது அளவுகோலையும் மாற்ற வேண்டும்.

எண்ணுவதற்கு, 'த்ரெஷோல்டு' மூலம் பொருளையும் பின்னணியையும் பிரிக்கிறார்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் செல்களை 'வாட்டர்ஷெட்' பிரித்துவிடும். 'அனலைஸ் பார்ட்டிகிள்ஸ்' ஒவ்வொன்றையும் எண்ணி, அதன் பரப்பை அட்டவணையாகத் தரும்.

பிளக்இன் என்றால் என்ன?

அடிப்படை மென்பொருளில் இல்லாத வேலையைச் செய்ய வெளியிலிருந்து சேர்க்கும் சிறு நிரலே பிளக்இன். நகரும் செல்களைத் தொடர்ந்து கண்காணிக்க 'டிராக்மேட்', எலும்பின் அமைப்பை அளக்க 'போன்ஜே', நாம் காட்டிக்கொடுக்கும் மாதிரிகளிலிருந்து கற்றுக்கொண்டு படத்தைப் பகுதி பகுதியாகப் பிரிக்க 'வெக்கா' என்று பல உண்டு. மைக்ரோஸ்கோப் கம்பெனிகள் ஆளுக்கொரு கோப்பு வடிவம் வைத்திருக்கின்றன. 'பயோ-ஃபார்மட்ஸ்' என்ற பிளக்இன் அவற்றில் 150க்கும் மேற்பட்ட வடிவங்களைத் திறந்து தருகிறது.

சேர்ப்பது எளிது. 'ஹெல்ப்' பட்டியில் 'அப்டேட்' சென்று, பிளக்இன்கள் வழங்கும் தளங்களின் பட்டியலில் வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம். அல்லது கிடைத்த கோப்பை 'பிளக்இன்ஸ்' ஃபோல்டரில் போட்டு, மென்பொருளை மூடித் திறந்தால் போதும்.

நாமே எழுதலாம்

முதல் படி மேக்ரோ. 'பிளக்இன்ஸ்' பட்டியில் 'மேக்ரோஸ்', அதில் 'ரெக்கார்டு' என்பதைத் திறந்து வைத்துவிட்டு வழக்கம்போல் வேலை செய்தால், நாம் செய்யும் ஒவ்வொரு கட்டளையும் வரிவரியாகப் பதிவாகும். அதைச் சேமித்து, 200 படங்களுக்கும் அதே வரிசையில் ஓடவிடலாம். நிரல் எழுதத் தெரியாதவரும் இதைச் செய்யலாம்.

அடுத்த படி, பைத்தான் போன்ற மொழியில் சிறு ஸ்கிரிப்ட். அதற்கான எழுதுமிடம் ஃபிஜியிலேயே இருக்கிறது. ஜாவா தெரிந்தவர் முழு பிளக்இன் எழுதலாம். இமேஜ்ஜேயின் பழைய மரபில், கோப்பின் பெயரில் ஓர் அடிக்கோடு இருந்தால்தான் அது பட்டியில் தோன்றும். புதியவர்கள் பலர் இதை அறியாமல் மணிக்கணக்கில் திணறுவதுண்டு.

ஒரு விஷயத்தை நினைவில் வையுங்கள். ஃபிஜியில் வரும் பிளக்இன்கள் பலவும் ஜி.பி.எல். என்ற உரிமத்தில் வெளியானவை. அவற்றை மாற்றிப் பிறருக்குக் கொடுத்தால், மூல நிரலையும் அதே உரிமத்தில் கொடுக்க வேண்டும். இது சட்டப்படி வக்ஃபு இல்லை. ஆனாலும் வக்ஃபு செய்தவரின் நிபந்தனையைப் பேணும் பழக்கமுள்ள சமுதாயத்துக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமல்ல.

அளவையில் மோசடி

இலவசமாகக் கிடைத்த கருவியையும் ஹராமாகப் பயன்படுத்த முடியும். அளவையில் குறை செய்வோரைக் கண்டித்து ஓர் அத்தியாயமே குர்ஆனில் இருக்கிறது: ஸூரத்துல் முதஃப்ஃபிஃபீன். அந்தக் கண்டிப்பு தராசோடும் படியோடும் நின்றுவிடுவதாக நாம் எண்ண வேண்டாம். ஆய்வுப் படமும் ஓர் அளவைதான்.

1995 முதல் 2014 வரை வெளியான 20,621 உயிர்மருத்துவக் கட்டுரைகளை எலிசபெத் பிக் என்ற ஆய்வாளரும் அவருடன் இருவரும் பார்வையிட்டனர். அவற்றில் 3.8 விழுக்காட்டுக் கட்டுரைகளில் படங்கள் முறையின்றி இரட்டிக்கப்பட்டிருந்ததாக 2016ல் தெரிவித்தனர். எல்லாம் வேண்டுமென்றே செய்தவை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த முடிவுகளை நம்பி அடுத்த ஆய்வு நடக்கிறது. அதன் மறுமுனையில் ஒரு நோயாளி இருக்கிறார்.

எனவே பிள்ளைகளுக்கு நாம் சொல்வது:

1. மூலப்படத்தை ஒருபோதும் மாற்றாதீர்கள். நகல் எடுத்து அதில் வேலை செய்யுங்கள்.

2. 'டிஃப்' வடிவில் சேமியுங்கள். 'ஜேபெக்' வடிவம் விவரங்களை இழக்கும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பிய படம் சுருக்கப்பட்டுவிடும். அதில் அளக்காதீர்கள்.

3. வெளிச்சத்தைக் கூட்டினால் படம் முழுவதற்கும் ஒரே சீராகக் கூட்டி, அதைக் கட்டுரையில் குறிப்பிடுங்கள். ஒரு மூலையை மட்டும் திருத்துவதும், பிடிக்காத கோட்டை அழிப்பதும் பொய்.

4. விரும்பிய எண் வரும்வரை த்ரெஷோல்டை நகர்த்தாதீர்கள். 'ஒட்ஸு' போன்ற தானியங்கி முறை ஒன்றைத் தேர்ந்து, எல்லாப் படங்களுக்கும் அதையே வையுங்கள்.

5. மேக்ரோவையும் ஆய்வறிக்கையுடன் இணையுங்கள். நீங்கள் செய்ததை வேறொருவர் அப்படியே செய்து பார்க்க முடியும். அதுவே உங்களுக்குச் சாட்சி.

பெற்றோருக்கு

பிள்ளையின் மதிப்பெண்ணைக் கேட்கும் நாம், "அந்த அளவு எப்படி வந்தது?" என்றும் கேட்போம். அறிவியல் தெரியாத பெற்றோரும் கேட்கக்கூடிய கேள்வி இது. பதில் சொல்லத் தெரிந்த பிள்ளை நேர்மையாக வேலை செய்திருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம்.

மரணத்துக்குப் பின்னும் நன்மை தொடரும் காரியங்களில் பயன்தரும் கல்வியையும் நபி (ஸல்) அவர்கள் எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். யாரோ எழுதிக் கொடுத்ததை இத்தனை காலம் எடுத்துக்கொண்டோம். நம் பிள்ளைகளில் ஒருவர் ஒரு சிறு பிளக்இன் எழுதி, வேறொரு ஏழை மாணவருக்குப் பயன்படும்படி வெளியிட்டால் அதுவும் அந்தக் கணக்கில் சேரும், இன்ஷா அல்லாஹ்.

நம் அளவைகளில் நேர்மையை வல்ல ரஹ்மான் நிலைக்கச் செய்வானாக! ஆமீன்.